விசிறி மேல் போட்ட பழி

ஓடும் எஞ்சினின் உடம்பில் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் இவர் காதை எடுப்பதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். "வாட்டர் பம்ப் பேரிங். பத்து நாள் தாங்கும்." பதினோராம் நாள் அந்த வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்படும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவரை ஸ்டெத் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி.

ஷெட்டில் ஒரு விதி உண்டு. சத்தம் என்று வண்டி வந்தால் முதலில் எஞ்சினை அணைத்துக் கேட்க வேண்டும். அணைத்த பிறகும் கேட்டால் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். மனைவியின் தம்பி, கூட வேலை செய்பவன், இதை மறந்ததற்காக வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கியர்பாக்ஸ் ஸ்டெத்தின் பாதத்தில் விழுந்தது. புண் ஆறவில்லை, சீழ் பிடித்தது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காலையும் மாலையும் ஒரு ஊசி, பதினான்கு நாள் என்று டாக்டர் எழுதினார். மூன்றாவது மாடி, நான்காம் நம்பர் கட்டில், நேர் மேலே மின்விசிறி.

ஐந்தாம் நாள் 'கீ' என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்க ஆரம்பித்தது. ஸ்டெத் மேலே பார்த்தார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், உங்க ஃபேன்ல பேரிங் காஞ்சு போச்சு. யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே," என்றாள் நர்ஸ்.

"உங்களுக்குக் கேக்காதும்மா. அதுக்குன்னு ஒரு காது வேணும்."

அவள் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள். எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார், பார்த்தார், நன்றாகத்தான் ஓடுகிறது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் புகார். ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்கு மாற்றினார்கள். சத்தம் அங்கேயும் வந்தது. எல்லா விசிறியும் ஒரே கம்பெனிச் சரக்கு, ஒன்று போனால் எல்லாம் போகும் என்று வார்டுக்கே விளக்கம் சொன்னார் ஸ்டெத்.

"ஒரு நிமிஷம் நிறுத்திப் பாக்கச் சொல்லலாம்ல?" என்று மனைவி கேட்டாள்.

"நிறுத்தினா மத்தவங்க வெந்துபோவாங்க. எனக்குத் தெரியாதா?"

நிறுத்தவில்லை, விசிறியையும் ஊசியையும்.

புண் அருமையாக ஆறியது. வீட்டுக்கு வந்த ஸ்டெத் சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது, தலை அப்படிச் சுற்றியது. இரண்டு வாரம் கழித்து ஷெட்டுக்குப் போய் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தார். எஞ்சின் நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கேட்டது 'கீ' மட்டும்தான். கைப்பிடியைப் பல்லில் கடித்தும் பார்த்தார். பல் கூசியது.

காது டாக்டர் செவித்திறன் சோதனையின் வரைபடத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "அந்த ஊசிதான். போடும்போதே காதைப் பரிசோதிச்சிருக்கணும். சத்தம் வந்த அன்னைக்கே நிறுத்தியிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும்."

"இதை அப்படியே எழுதிக் குடுங்க டாக்டர்," என்றாள் மனைவி.

டாக்டர் பேனாவை மூடினார். "சொல்றேன்மா, எழுத மாட்டேன். அங்கேருந்து வர்ற நோயாளிங்களை நம்பித்தான் நானும் இருக்கேன்."

அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஊசிமருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்திருந்த தாளைப் பத்திரப்படுத்தியிருந்தாள். எறும்பு எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி எடுத்தபோது, 'செவித்திறனைக் கண்காணிக்கவும்' என்ற வரி கிடைத்தது. வக்கீலைப் பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள். நஷ்டஈட்டுத் தொகையை வக்கீலே எழுதிக்கொண்டார். ஸ்டெத் கேட்டது ஒன்றுதான்: "என் காது தானாப் போகலைன்னு அவங்க எழுதணும்."

ஏனென்றால் மருத்துவமனையின் பதிலில், வருடக்கணக்காகப் பட்டறை இரைச்சலில் வேலை செய்ததால் காது கெட்டது என்று இருந்தது. ஊசிக்கு முன்பு நன்றாகக் கேட்டது என்பதற்கு ஆதாரம் உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். நன்றாகக் கேட்கிற காதைக் கொண்டுபோய் எவன் பரிசோதிப்பான்?

மூன்று வருடம் வாய்தா. வீட்டில் பேச்சு முழுக்க மனைவி கொண்டுவரும் கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில் நடந்தது. முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பத்திரமோ மதிப்பெண் பட்டியலோ சாய்ந்து அச்சாகியிருக்கும். ஒருநாள் அவளுடைய தம்பி அலுத்துப்போய், "கோர்ட்டுக்குப் போறது செவிடன் காதுல ஊதின சங்குதான் மாமா," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உதட்டசைவைப் படித்துவிட்ட ஸ்டெத் சிரித்தார். "ஊது மச்சான், இன்னும் பலமா ஊது." அந்த வருடத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

கடைசியில் மருத்துவமனை தன் கோப்பைக் கொடுத்தது. அதில் நர்ஸ் எழுதிய வரி இருந்தது: 'விசிறிச் சத்தம் பற்றி நோயாளி புகார்.' எலக்ட்ரீஷியனின் பதிவும் இருந்தது. வக்கீல் துள்ளினார். "ஃபேன்ல சத்தமே இல்லைன்னு அவங்க ஆளே எழுதியிருக்கான். அப்ப சத்தம் எங்கேருந்து வந்துச்சு? அவங்க யோசிச்சிருக்கணுமா இல்லையா? நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காதுக்குள்ளயும் கேக்குதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னதா."

விசாரணை நாளன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். காது கேளாதவர்கள் பேசுவதுபோல் உரக்கப் பதில் சொன்னார் ஸ்டெத்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுதினார்: சத்தம் காதிலிருந்து வருகிறது என்று யாரிடமாவது சொன்னீர்களா?

"இல்லீங்க. ஃபேன்னுதான் சொன்னேன்."

சந்தேகம் வரவில்லையா?

"என் காது மேல எனக்கு எப்படிங்க சந்தேகம் வரும்?"

அந்த வக்கீல் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவருடைய வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது ஸ்டெத் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியில் நிபுணரான நோயாளியே விசிறி என்று சொல்லியிருக்கும்போது செவிலியரைக் குறைகூற முடியாது, எலக்ட்ரீஷியனின் பதிவேடு மருத்துவ ஆவணம் அல்ல, மனு தள்ளுபடி. அவள் ஒரு தாளைத் திருப்பி, 'தள்ளிட்டாங்க' என்று எழுதினாள். ஏன் என்று சைகையில் கேட்டார். சற்று யோசித்து, 'ஃபேன்' என்று எழுதினாள்.

வெளியே படியில் உட்கார்ந்து, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்," என்று அவள் முணுமுணுத்தாள். அதை எழுதிக் காட்டவில்லை.

மேல்முறையீட்டுக்கு நாற்பத்தைந்து நாள் இருந்தது. இந்தமுறையாவது ஒரு காது டாக்டரின் எழுத்து இருந்தால்தான் பேசவே முடியும் என்றார் வக்கீல். முதல் டாக்டர் ஊரில் இல்லை என்று மூன்று முறை பதில் வந்தது. இரண்டாமவர் வரைபடத்தைத் தொடவே இல்லை.

நாற்பத்தைந்தாம் நாள் ஷெட்டுக்கு ஒரு வேன் வந்தது. மச்சான் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் மாமா," என்று வாயசைத்தான்.

"அணைச்சுக் கேட்டியா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அணைடா."

மச்சான் சாவியைத் திருப்பினான். நடுங்கிக்கொண்டிருந்த பானட் அடங்கியது. வேன்காரர் பேச்சை நிறுத்தினார். மச்சான் குனிந்து கேட்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்தான். சத்தம் எஞ்சினில்தான்.

ஸ்டெத் பானட்டில் கையை வைத்தபடி நின்றார். வண்டி அணைந்துதான் இருந்தது. அவருக்கு 'கீ' கேட்டுக்கொண்டே இருந்தது.

"சரி, கழட்டு," என்றார்.