பேட்டரி மேல் மூன்று வரி

என் காரின் பழைய பேட்டரியைத் தூக்கப் போன கடைக்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். அதன் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப், அழுக்கேறி ஓரம் சுருண்டு, நாலு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியவர் என் அக்காவின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். வளைகுடாவில் கார் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பியவர். எந்த வண்டியைத் தொட்டாலும் மூன்று வரி எழுதி ஒட்டாமல் விடமாட்டார்: என்ன கோளாறு, எதனால் வந்தது, யார் செய்த வேலை. அடுத்துத் திறக்கிறவன் திண்டாடக் கூடாதாம். என் வண்டியில் ஒட்டியதில் மட்டும் இரண்டு வரிதான். மூன்றாவதுக்கு இடம் விட்டிருக்கிறார், எழுதவில்லை.

அப்போது அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, நுரையீரல் சுருங்கிப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கால்மணி நேரம் தாங்காது. மாதம் ஒருமுறை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு டாக்டரிடம் காட்டப் போகவேண்டும். காரிலேயே மெஷினை ஓட்ட ஓர் இன்வெர்ட்டர் வாங்கினேன். வெளியூர் வேலையில் இருந்த மச்சான் போனில் சொன்னார்: “கறுப்பு வயர பேட்டரி மைனஸ்ல நேரா கட்டிடாத மச்சான். அங்க சென்சாரு ஒண்ணு இருக்கு. பாடியில கட்டு.” கேட்டேனா? அத்தாவுக்கு மருமகன்மேல் எப்போதும் ஓர் இளக்காரம், அது எனக்கும் ஒட்டியிருந்தது. பாடியில் பெயிண்டைச் சுரண்டிக் கட்டச் சோம்பல் வேறு. மைனஸ் முனையிலேயே வைத்து இறுக்கினேன். ஹாரனோ, கூடுதல் லைட்டோ, நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானே கட்டுகிறோம். கையோடு ஒரு சின்ன சிலிண்டர் வைத்துக்கொள் என்று அக்கா சொன்னாள். மெஷின் இருக்கும்போது அது எதற்கு என்று அவள் வாயையும் அடைத்தேன். புத்திசாலி இல்லையா நான்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. உச்சி வெயில். பின் சீட்டில் அத்தா, மூக்கில் குழாயோடு கண்ணை மூடியிருந்தார். முன்னால் என் பக்கத்தில் இருந்த மச்சான், தன் தீப்பெட்டி அளவு ஸ்கேனரை ஸ்டீயரிங்கின் கீழே சொருகிப் போனைப் பார்த்தார். கோளாறைச் சொல்லும் குறியீடாக ஓர் எழுத்தும் நாலு எண்ணும் வந்தன. பேட்டரி சென்சார் கோளாறு என்றார். எனக்கு உயிர் வந்தது. “சென்சாருதானே போச்சு? அழிச்சி உடுங்க, போயிடலாம்.”

“அழிச்சா லைட்டுதான் போவும்” என்றார். “சென்சாரு கெட்டுப்போச்சுன்னு இது சொல்லல மச்சான். அது சொல்ற கணக்கும் பேட்டரில இருக்கறதும் ஒத்து வரலன்னுதான் சொல்லுது. கறுப்பு வயர எங்க கட்டின?”

“பாடியிலதான்.”

பின்னால் அத்தா இருக்கிறார், எப்படி ஒப்புக்கொள்வது? மச்சான் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். அந்தப் பொய்யோடு புதுச்சத்திரம் வரை ஓட்டினேன். அங்கே இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. மெஷின் எந்த நிமிடமும் நின்றுவிடும் என்று அர்த்தம். சிதம்பரம் இன்னும் அரைமணி நேரம். வண்டியை ஓரம் கட்டி இறங்கி, அவர் பானெட்டைத் தூக்குவதற்குள், அத்தா காதில் விழாத குரலில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேட்டரியைக் காட்டி நாலே வாக்கியத்தில் சொன்னார். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார். என் வயர் அதைத் தாண்டிக் கட்டியிருக்கிறது. மெஷின் உறிஞ்சுவது சென்சாருக்குத் தெரியாது. பேட்டரி நிறைந்திருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் சார்ஜைக் குறைத்துவிட்டது. “இன்ஜின மட்டும் ஆஃப் பண்ணிடாத, திரும்ப ஸ்டார்ட் ஆவாது. வயர மாத்தற வரைக்கும் மெஷின் நிக்கும். மாமாவ பேச வுடாத, போ.”

மெஷினின் இரைச்சல் நின்றதும் அத்தா கண்ணைத் திறந்தார். அவர் விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு. வெளியே மச்சான் ஸ்குரூடிரைவரால் பெயிண்டைச் சுரண்டுகிற சத்தம். எண்பத்து நாலு. அத்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எண்பத்தொன்று. உதடு நீலம் பாய்ந்தது. ஸ்பானர் ஒருமுறை கீழே விழுந்து உருண்டது. எழுபத்தெட்டு. என் கையால் என் தகப்பனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வாய் ஓதியது, என்ன ஓதியது என்று ஞாபகமில்லை. பிறகு மெஷின் உறுமியது. கீச்சொலி இல்லை. எண் மெதுவாக ஏறியது.

மூச்சு நிலைக்கு வந்ததும் அத்தா கேட்டார்: “எவன்டா கட்டுன வயரு?”

கையைத் துடைத்தபடி மச்சான் சொன்னார்: “நான்தான் மாமா. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்.”

“சம்பாதிக்கப் போன எடத்துல இதத்தான் கத்துக்கிட்டியா” என்றார் அத்தா. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அத்தாவை இறக்கிவிட்டுத்தான் மச்சான் இந்த டேப்பை ஒட்டினார். அதற்குப் பிறகு மச்சான் வருகிற காரில் அத்தா ஏறவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் அவரோடு பேச்சும் நின்றுபோனது. அடுத்த வருடம் மச்சான் மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார். அத்தா இறந்தபோது ஜனாஸா அடக்கத்துக்கு அவரால் வந்து சேர முடியவில்லை.

இன்று அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்த டேப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. “அன்னிக்கு அந்த வயர மைனஸ்ல கட்டுனது நான்க்கா. அவுரு பாடியிலதான் கட்டச் சொன்னாரு” என்றேன்.

“தெரியும்டா” என்றாள். “அன்னிக்கே சொல்லிட்டாரு. நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னாரு.” டேப்பின் ஓரத்தை விரலால் நீவியபடி, “அத்தாகிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ” என்றாள்.

டேப்பைக் கிழியாமல் உரித்துப் புதுப் பேட்டரியின் மேல் ஒட்டினேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, மூன்றாவது வரியில் என் பெயரை எழுதினேன். படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். அத்தாவுக்குக் காட்டத்தான் வழியில்லை.