நானே எழுதிய பரிந்துரை

"நீயே எழுதிக் கொண்டா கண்ணு, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் முதலாளி. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது. இங்கே யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என்னை நானே புகழ வேண்டும், அதையும் அவர் சொல்வதுபோல.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதற்கும் நம் ஆட்கள் தைத்துத் தருவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை. பையருக்கு மெயில் அடிக்கத் தயங்காத கை, 'இவர் திறமையானவர்' என்று இங்கிலீஷில் அடித்ததும் நின்றுவிட்டது. கூச்சமாக இருந்தது, அழித்தேன். 'பொறுப்பானவர்' என்று போட்டேன். இதற்கு எந்தக் கல்லூரி இடம் தரும்? எரிச்சலில் எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது ஒரு வீம்பு பிடித்திருந்தது. புகழ்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, செய்த வேலையை எழுதினேன். நிறம் மாறி வந்த துணியை வெட்ட விடாமல் நிறுத்தியது. கைநழுவப் போன ஆர்டரை பையரிடம் பேசிப் பேசித் தக்கவைத்தது. புதிதாக வந்த வடக்கத்தி ஆட்களுக்கு அரைகுறை இந்தியில் அளவு பார்க்கச் சொல்லிக் கொடுத்தது.

விண்ணப்பத்துக்கு அன்று மாலைதான் கடைசி. முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நம்பித்தான் கடிதத்தை நீட்டினேன். மனுஷன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இத்தனையும் நீயா பண்ணுனே?"

"ஆமாங்க."

"இப்படியொரு ஆளை நான் எதுக்குக் கண்ணு வெளிய அனுப்போணும்?" என்று கடிதத்தை டிராயரில் போட்டு மூடினார். "சம்பளம் சேத்திப் போடறேன். எல்லா ஆர்டரையும் நீயே பாரு."

நன்றாக எழுதியதே வினையாகிவிட்டது.

"நான் பண்ணுனது தெரிஞ்சிருந்தா, இதை நீங்களே எழுதியிருப்பீங்க" என்றேன். கோபத்தில் சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டிராயரைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் அவர் கேட்டதே காதில் ஓடியது. 'இத்தனையும் நீயா பண்ணுனே?' அந்தக் கேள்வியை அவர் போன வருஷமே கேட்டிருந்தால், நான் அந்த விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.