சொந்தக்காரரைக் கழித்த கணக்கு

கலியாணம் பேசும் இடத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. நான் ஒரு கொம்பனியின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையையே கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணை, மலாயாவில் உழைத்த காசைப் போட்டுச் சுன்னாகத்தில் எண்ணெய் ஆலை நடத்திவந்தார். அவருடைய மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தது. எனக்கும் அந்த மச்சானில் விருப்பம். அதை ஏன் மறைக்க வேண்டும்? என் தகப்பன், ஐயா, உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்து சேர்த்த சீதனக் காசை ஆலைக் கொம்பனியிலேயே பங்காகப் போடலாம் என்றார் மாமா. ஐயா தலையாட்டிவிட்டார். அதைவிட்டால் எங்களிடம் வேறு காசு இல்லை. கொம்பனி எந்த நிலையில் இருக்கிறதென்று முதலில் நான் பார்க்கிறேன் என்றேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவு படித்த துணிச்சல்.

விகிதம் அழகாகவே வந்தது. கிட்டடியில், அதாவது ஒரு வருசத்துக்குள், கட்டவேண்டிய கடன் ஒரு ரூபாய் என்றால், கிட்டடியில் காசாகக்கூடிய சொத்து இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பயமில்லை என்றுதான் படிப்பித்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. ஆனால் அந்தச் சொத்தில் முக்கால்வாசி, கடனுக்கு வாங்கினவர்களிடம் வெளியே நின்ற பாக்கி.

“மாமா, இந்தப் பாக்கியெல்லாம் எப்ப வரும்?”

“வரும் பிள்ளை. எல்லாம் எங்கடை ஆக்கள்தானே.”

“கேட்டனீங்களோ?”

“சொந்தத்துக்குள்ளை காசு கேக்கிறதோ? முகம் முறிஞ்செல்லோ போகும்.”

கேட்கவே முடியாத காசு என்ன சொத்து? அதைக் கழித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் கடனுக்கு ஐம்பது சதம்தான் மிஞ்சியது. சொன்னேன். மாமா கோபிக்கவில்லை. யாரையும் ஏமாற்ற நினைத்தவரில்லை அவர்; கேட்க வாய் வராத மனிதர், அவ்வளவுதான். பார்க்கப் பாவமாக இருந்தது.

“ஆர் எல்லாரிலும் கூடக் காசு தரவேணும்? அவையிட்டை முதல் கேளுங்கோ.”

மாமா நிலத்தைப் பார்த்தார். ஐயா இருமினார்.

“தோட்டத்துக்கு ஆலையிலை எடுத்த பிண்ணாக்குக் காசு, மூண்டு நாலு வருசமாய் நிக்குது,” என்றார் ஐயா. “கேக்காதபடியால் நானும் குடுக்கேல்லை.”

ஐயா அப்படிக் குறுகிப்போய் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சீதனக் காசு அன்றைக்கே மாமாவின் கைக்குப் போனது, பங்காக அல்ல, பாக்கியாக. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சீதனம் வந்திட்டுதெண்டே சொல்லுவம். ஊருக்கென்ன தெரியும்?”

“இல்லை மாமா, பழைய பாக்கி வந்ததெண்டே எழுதுங்கோ. சீதனமில்லாமல் என்னை எடுக்க விருப்பமெண்டால் எடுங்கோ.”

சொல்லிவிட்டு ஐந்தொகையை மடித்து மாமாவின் பக்கம் தள்ளினேன். மாமா அதை எடுத்துக்கொண்டார்.

“எடுக்கிறன். ஆனால் மற்றவையிட்டை நீதான் போய்க் கேக்கவேணும்.”

அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுப் படலை படலையாகப் போய்க் கேட்டேன். ஆலை தப்பியது. கலியாணப் பந்தலில் பாதிப் பாய் வெறுமையாகக் கிடந்தது.