ஸ்டுட்கார்ட் ரயிலும் சீன வாக்கியமும்

டோர்ட்மண்ட் ரயில் நிலையம், காலை. பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் நீண்ட ஆங்கில வாக்கியம் ஒன்றை வாசித்து, அதைச் சீனத்தில் சொல்லிப் பார்க்கிறார். இன்று மதியம் ஸ்டுட்கார்ட்டில் அவருக்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. தேறினால் கிடங்கு மேலாளர். தவறினால் பழையபடி பெட்டி தூக்க வேண்டும்.

"ஆங்கிலத்துக்கு எதற்குச் சீனம்?" என்கிறேன்.

"படிப்பிக்கிறவ சீனத்தி. எனக்கு வசனம் விளங்கினதோ எண்டு அவ பார்க்க வேணுமே?"

"சீனம் எப்படித் தெரியும்?"

"அதை முதலே படிச்சு முடிச்சிட்டன்."

ஒலிபெருக்கி ஜெர்மனில் பேசுகிறது. எனக்குப் புரியவில்லை. பாதி வாழ்க்கையை இங்கேயே கழித்தவர் அதைக் காதில் வாங்காமல், "பொறுங்கோ, இங்கிலீசில வரும்" என்கிறார். வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு, கூடவே உரக்கச் சீனத்தில் சொல்கிறார். அவர் போடும் சத்தத்தில் எனக்கு ஆங்கில அறிவிப்பு கேட்கவில்லை. எதிர் பெஞ்சின் சீனக் குடும்பம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறது.

"பாத்தியளோ, அவைக்கு விளங்கிட்டுது!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. பையைத் திறந்து அடுத்த வாக்கியத்தைத் தேடுகிறார்.

"என்ன அறிவிப்பு?"

"ஸ்டுட்கார்ட் ரயில் இண்டைக்கு அங்கால பிளாட்போமில..."

அங்கே ரயில் நகரத் தொடங்குகிறது. ஜன்னலிலிருந்து சீனக் குடும்பம் அவருக்கு நன்றியோடு கையசைக்கிறது.