கப்பலில் வந்த ஸ்நோ

மூடியைத் திருகியதும் முதலில் வருவது ரோஜா வாசனை. அது அடங்கின பிறகு, மழையில் நனைந்த இரும்புக் கம்பியை முகர்ந்தால் வருமே, அப்படி ஒன்று அடியிலிருந்து மெல்ல எழும்பும். அந்த இரண்டாவது வாசனையை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பிடித்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒண்டிக்கடை என்கிற முக்கில் எங்கள் அத்தா வைத்திருந்த கடையில், வளையல், ரிப்பன், சீப்பு, பவுடர் என்று பெண்கள் வாங்குகிற பொருள்களை அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. கூட்டலும் கழித்தலும் மனசுக்குள்ளேயே போட்டுவிடுவேன். வாசலில் ஏறுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தே, இவள் வாங்குவாளா, தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவளா என்று சொல்லிவிடுவேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டில் முகத்துக்குப் பூசுகிற எந்தக் களிம்புக்கும் "ஸ்நோ" என்றுதான் பெயர். பனிக்காலத்தில் கன்னம் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போதும். ஸ்நோ ஆசைக்குப் பூசுவது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் சம்பள நாளன்று வந்து, விரல் பருமனுள்ள பாட்டிலில் அந்த ஆசையை வாங்கிப் போவார்கள். அப்படிப்பட்ட கடைக்கு ஓர் ஆடி மாத மழையில், தோல் பையைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான். பையிலிருந்து கனத்த கண்ணாடி டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். மூடி தங்க நிறம்.

"பாய், இது கப்பல் சரக்குங்க. பங்களா துரைசாணிங்க பூசறது. இதைக் கடையில வெக்கறதுக்கே ஒரு கொடுப்பினை வேணுமுங்க."

அத்தா விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, கையிலிருந்த டப்பாவை முட்டையை வைப்பதுபோல் மெதுவாகத் திரும்ப வைத்தார். எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு திரைதான். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்த வெலைக்கு ஒரு ஆட்டைப் புடிச்சுக் கட்டலாமுங்க. அதாச்சும் குட்டி போடும்."

அத்தா சிரித்தார், ஆனால் ஆறு டப்பா எடுத்துக்கொண்டார். அவர் யாரையும் ஏமாற்றாத வியாபாரி; மட்டமான பவுடரைக் கொண்டுவந்தால் விரலில் தேய்த்துப் பார்த்து, "இது சுண்ணாம்பு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இந்த டப்பாவை அவர் தேய்த்துப் பார்க்கவில்லை. "இம்புட்டு வெலை சொல்றான்னா அதுக்குள்ள என்னமோ இருக்கோணும்" என்றார். டப்பாமேல் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்கும் படிக்கத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை. அதற்குள் என் அக்கா மைமூனுக்கு வரன் வந்தது. சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குடும்பம். அக்காவுக்குப் பத்தொன்பது வயது, மாநிறம், நல்ல உயரம், நீளமான தலைமுடி. நடுவில் நின்று பேசியவர் அத்தாவின் தங்கை, சேலத்து மாமி. மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியதை அவர் அப்படியே வந்து சொன்னார்: "மலைப் பொண்ணை மலையில பாத்தா ஏமாந்துருவோம். மூடுபனிக்குள்ள எல்லாரும் செவப்புத்தான். எறக்கிக் கூட்டியாங்க, உச்சி வெயில்ல பாக்கறோம்."

அந்தக் காலத்தில் இது எங்கள் பக்கம் வழக்கம்தான். குளிரில் கன்னம் சிவந்து நிற்கிற மலைப் பெண்ணைக் கீழ்நாட்டார் நம்பமாட்டார்கள். சேலத்துக்கு இறக்கி, வெளிச்சத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார்கள். அதற்கு "எறக்கிப் பாக்கறது" என்றே பெயர். நாள் மாசியில் குறித்தார்கள். அன்று இரவே அத்தா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தாறு வாரத்தில் அக்காவின் முகம் மாறியது. பொய் சொல்லமாட்டேன், அழகாகத்தான் மாறியது. உள்ளே விளக்கு வைத்ததுபோல் ஒரு வெளுப்பு. கரடியூரிலிருந்து சந்தை நாளில் ஆரஞ்சும் மிளகும் கொண்டுவருகிற ராசம்மா, எங்கள் கடைக்கு வராமல் ஊர் திரும்பமாட்டாள். அக்கா வயதுதான் அவளுக்கும். திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மைமூனு, ஓடு உரிச்ச முட்டையாட்டம் ஆயிட்டீங்க" என்றாள். அக்கா வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் தலை நிமிர்ந்துவிட்டது. என் கடைச் சரக்கு, என் அக்கா.

அடுப்பின் பக்கத்தில் நின்றால் மட்டும் அக்காவுக்குக் கன்னம் எரிந்தது. அம்மா அவளைச் சமையலிலிருந்து விலக்கி வைத்தாள். மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விட்டால் மழை என்று அந்த வருடம் தை வரையில் ஓடிற்று. வயதுக்கு வந்த பெண் என்று அவளை வெளியே அனுப்புவதும் கிடையாது. ஆக, மூன்று டப்பா காலியாகும் வரை அந்த முகத்தில் ஒரு நாள்கூட வெயில் பட்டிருக்காது. அதை அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மாசியில் இறங்கினோம். முதல் நாள் மாலை மாமி வீடு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை அக்காவுக்குத் தலைக்கு ஊற்றி, "வெயில் நல்லா அடிக்குது, மொட்டை மாடியில தலையைக் காயவெச்சுட்டு வா சாமி" என்று மாமி அனுப்பினார். நானும் கூடப் போனேன். எனக்கு அந்த வெயில் விளையாட்டாக இருந்தது. அக்கா முடியை விரித்துப் போட்டுக்கொண்டு முகத்தைச் சூரியனுக்குக் காட்டி உட்கார்ந்தாள்; நெடுநாள் கழித்து வெயில் பட்டதில் கண்ணை மூடிச் சிரித்தாள். அரை மணி நேரம் இருக்கும். பிறகு, "எரியுது" என்றாள். நான் பார்த்தபோது இரண்டு கன்னமும் மூக்கும் தீயில் காட்டியதுபோல் சிவந்து, தடித்து, கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தன.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.

மாமி ஈரத் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார். எடுக்க எடுக்கச் சிவப்பு ஏறிற்று. உச்சி வேளைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவை முற்றத்து வெளிச்சத்துக்கு அழைத்து வந்து, மோவாயைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு கையை எடுத்து, விரல்களைத் தம் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணுக்குத் தோல் நோவுன்னு முன்னமே சொல்லியிருக்கலாமுங்களே. நாங்களும் பஸ் செலவு பண்ணி ஆளுகளைக் கூட்டியாந்திருக்க மாட்டோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது. வைத்த பலகாரம் வைத்தபடியே இருந்தது.

மலைக்குத் திரும்பின பிறகு அக்காவின் தோல் வெங்காயச் சருகுபோல் உரிந்தது. உரிந்த இடம் கறுத்தது. கன்னத்தில் சிவப்பு நூல் ஓடியதுபோல் நரம்புகள் தெரிந்தன. ஸ்நோவை நிறுத்தியதும் இன்னும் மோசமாகிக் கொப்புளம் கிளம்பியது. கீழே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர், "மேல்தோல் கரைஞ்சு போச்சுங்க. இதையெல்லாம் யாருங்க விக்கறது?" என்று கேட்டார். அத்தா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். பிறகு ஒரு நாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம், விஷயத்தைச் சொல்லாமல், டப்பாவை மட்டும் காட்டிப் படிக்கச் சொன்னார். ரைட்டர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பூப்பேரு போட்டிருக்குதுங்க பாய். செஞ்ச ஊரு பேரே இல்லீங்களே" என்றார்.

மீதி மூன்று டப்பாவையும் அத்தா ஒரு தகரப் பெட்டியில் போட்டு மேசைக்குக் கீழே வைத்தார். சரக்கைக் கொடுத்துப்போன அந்த ஆள் வந்தால் அவன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று. அவன் வரவேயில்லை. "ஆராச்சும் கேட்டா சரக்கு வரலைன்னு சொல்லு கண்ணு. வேற ஒரு பேச்சும் வேண்டாம்" என்று என்னிடம் சொல்லி வைத்தார். காரணம் எனக்குப் புரிந்தது. ஸ்நோ கெடுதி என்று ஒருவரிடம் சொன்னால், யார் முகத்தைக் கெடுத்தது என்று கேட்பார்கள். அடுத்த சந்தைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா அதற்குள் திரைக்குப் பின்னாலேயே வாழ ஆரம்பித்திருந்தாள். யாராவது அவள் பக்கம் திரும்பினால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். இன்னொரு வரன் வரும் என்ற நினைப்பு மட்டும் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது.

சித்திரையில் ஒரு சந்தை நாள், அத்தா தொழுகைக்குப் போயிருந்த நேரம், ராசம்மா வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு மேசைமேல் முழங்கையை ஊன்றினாள்.

"கண்ணு, உங்க அக்கா பூசுதே, அந்த ஸ்நோவுல ஒண்ணு குடு."

"சரக்கு வரலைங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். தகரப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. "வரலையா? அப்பறம் அங்க மினுக்குமினுக்குங்குதே, அது என்ன, உங்கத்தா பல்லுசெட்டா?"

"அது விக்கறதுக்கு இல்லீங்க."

"காட்டுக்காரி கையில காசு இருக்காதுன்னு பாக்கறயா? இல்ல, காட்டுக்காரிக்கு எதுக்குச் செவப்புன்னு பாக்கறயா?" என்று மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "இந்த வருச மொளகுக் காசு. எங்கம்மாளுக்குத் தெரியாது. புதங்கெழமை என்னையப் பாக்க வாராங்க கண்ணு. கீழ்நாட்டு மாப்பிள்ளை." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு உள்ளே பார்த்தாள். "ஆமா, மைமூனு எங்க, ஆளையே காணோம்? கலியாணம் கூடிருச்சா?"

திரை அசைந்தது. அதன் அடியில் அக்காவின் பாதங்கள் தெரிந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று ராசம்மா கேட்பாள். அதற்கும் பதில் என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்று விட்டுப்போனார்கள் என்பதை, வாசலில் நின்று ஆரஞ்சு விற்கிறவளிடம் நான் சொல்வதா என்று இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"கூடி வருதுங்க" என்றேன்.

"பாத்தயா, ஸ்நோ செஞ்ச வேலையை" என்று ராசம்மா சிரித்தாள்.

நான் குனிந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். "கொஞ்சமாப் பூசுங்க" என்றேன்.

"உங்கத்தாவுக்கு மேல கஞ்சமா இருக்கயே. நெறையாப் பூசுனாத்தான நொம்ப சீக்கிரம் வெளுக்கும்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அக்கா திரையை விலக்கினாள்.

"குடுத்துட்டயா?"

"குடுத்துட்டேன்."

"என்னையப் பத்திச் சொன்னயா?"

"சொல்லலைக்கா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தா என்னை அடிக்கவில்லை. அந்தக் காசைக் கல்லாவில் சேர்க்காமல் தனியாக வைத்திருந்து, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் உண்டியலில் போட்டார். மீதி இரண்டு டப்பாவையும் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். கரடியூருக்கு ஆள் அனுப்பவில்லை. அங்கே நடந்து போக எனக்குக் கால் இருந்தது, நானும் போகவில்லை. புதன்கிழமை வந்து போயிற்று. ஆனி மாதத்தில், ராசம்மாளைக் குப்பனூரில் கட்டிக் கொடுத்துவிட்டதாகக் கரடியூர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். குப்பனூர் மலையடிவாரம், அங்கே நிழலுக்கு மூடுபனி கிடையாது. அதன் பிறகு அவள் எங்கள் கடைக்கு வரவில்லை. சந்தைக்கு மேலே வந்த குப்பனூர்ப் பெண்கள் எத்தனையோ பேருக்கு நான் வளையல் போட்டிருக்கிறேன். ஒருத்தியிடமும் அவளைப் பற்றிக் கேட்டதில்லை.

மைமூன் அக்காவை நான்கு வருடம் கழித்து ஆத்தூர்ப் பக்கம் ஒருவருக்கு ரெண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி பெற்று, வாழ்ந்து, போய்ச் சேர்ந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. முகத்தில் தண்ணீர் ஊற்றியபோது, அந்தச் சிவப்பு நூல்கள் அத்தனை வருடத்துக்குப் பிறகும் கன்னத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது அந்தக் கடை இல்லை. இடித்துவிட்டு அறை வாடகைக்கு விடுகிற கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். விரல் பருமன் பாட்டில் ஸ்நோ இல்லை. தை வரைக்கும் வாசலில் நின்ற மூடுபனியும் முன்போல் வருவதில்லை. பெண்ணை எறக்கிப் பார்க்கிற வழக்கமும் போய்விட்டது, போட்டோவில் பார்த்துக்கொள்கிறார்கள். பேத்திமார் செல்போனில் தட்டி வரவழைக்கிற சின்னக் குப்பிகளின் விலையைக் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. "இம்புட்டு காசுக்கு இது தகுமா, நீங்க சொல்லுங்க" என்று என்னையே கேட்கிறார்கள். இந்த வயதிலும் என் முகத்தில் சுருக்கம் குறைவு, அதனால் கேட்கிறார்கள். எல்லாக் குப்பியையும் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த டப்பா மட்டும் மலிவாக இருந்திருந்தால் எங்கள் அத்தா அதை விரலில் தேய்த்துப் பார்த்திருப்பார்.

சேலம் போக வேண்டுமென்றால் சில நாள் குப்பனூர் வழியாகப் போகிற பஸ்தான் கிடைக்கிறது. அடிவாரத்தில் பஸ் நின்றால், நிறுத்தத்தில் என் வயதுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எப்போதும் நிற்பார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால், முகத்தில் வெயில் அடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.