புதன்கிழமையின் கடைசி நோயாளி

அரை மாத்திரை டாக்டரம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வாசல் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. எந்த மருந்தையும் முதலில் பாதியில் ஆரம்பித்து, ஆளைப் பார்த்து, உடம்பைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் முழுசுக்குப் போகிறவர் என்பதால் தெருக்காரர்கள் கொடுத்த பட்டம் அது. தப்பித்தவறி முழு மாத்திரை எழுதிவிட்டால் வந்தவர் முகம் வெளுத்துப்போகும். “அப்ப எனக்கு நெஜமாவே சீரியஸா டாக்டரம்மா?” என்று கேட்பார்.

கீழே கிளினிக், மேலே வீடு. கிளினிக்கில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், பச்சை ரெக்ஸின் போட்ட ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, சுவர் முழுக்க மர அடுக்குகள். அடுக்குகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு உறை, உறைக்குள் ஆளுக்கு ஒரு அட்டை. தாத்தாவின் சர்க்கரையும் பேத்தியின் இழுப்பும் ஒன்றாகத்தான் கிடக்கும். இருபத்தெட்டு வருடப் பழக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் வயிற்றைப் பார்ப்பார்கள். இவர் அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்பதையும் சேர்த்துப் பார்ப்பார். எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்த மருமகள் தூங்குவதில்லை, எல்லாம் இவருக்கு அத்துப்படி. வெளியே ஒரு வார்த்தை வராது.

இவரைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. “நல்லா இருக்கீங்களா டாக்டரம்மா?” என்று கேட்கிறவர், பதில் வருவதற்குள் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டியிருப்பார். டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. காலையில் செய்ததையே மாலையிலும் சுடவைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பார்.

வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: மூன்றாம் தடவை கட்டில். அதே தொந்தரவைச் சொல்லிக்கொண்டு ஒருவர் மூன்றாவது முறை வந்தால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி, கட்டிலில் படுக்கவைத்து, எடை பார்த்து, தலை முதல் கால் வரை தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். இந்த விதி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. நர்ஸ், அவரும் ஐம்பதைத் தாண்டியவர், வாய் கொஞ்சம் நீளம், புதிதாக வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வார்.

அந்த விதி லைப்ரரி மேடம் விஷயத்தில் மட்டும் தூங்கிப்போனது.

லைப்ரரி மேடம் முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி, தனியாகத்தான் இருக்கிறார். உறவு என்று சொல்ல ஒரே ஒரு அண்ணன் மகன், அவனும் கடல் தாண்டி. புதன்கிழமை பன்னிரண்டரைக்கு, பிரஷர் பார்க்க என்று வருவார். பிரஷர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வந்தது அதற்கில்லை என்பது இருவருக்குமே தெரியும், அதனால் டாக்டரம்மா அவரைக் கடைசி நோயாளியாக வைத்துக்கொள்வார். மேடம் கதை சொல்வார். யாரோ ஒருத்தர் பல்செட்டைப் பக்க அடையாளமாக வைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். “சிரிச்சு முடிச்ச கையோட பிரஷர் பார்த்தா அது என்னத்தைக் காட்டும்?” என்று நர்ஸ் முணுமுணுப்பார். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் டாக்டரம்மா மீதி வாரத்தை ஓட்டினார். அட்டையில் “நலம்” என்று எழுதிவிட்டு மாடிக்குப் போவார்.

ஒரு புதன்கிழமை மேடம் பேச்சோடு பேச்சாக, “ரெண்டு வாய்க்கு மேல சாப்பாடு இறங்க மாட்டேங்குது டாக்டரம்மா” என்றார். டாக்டரம்மா அரை மாத்திரை ஒன்று கொடுத்தார். அடுத்த மாதமும் சொன்னார், அதற்கடுத்த மாதமும் சொன்னார். நான்காவது தடவை சொன்னபோது அவருடைய கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. “இந்த வயசுல இப்படி இளைச்சுட்டீங்களே, ரகசியத்தை எனக்கும் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா. இருவரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு இரண்டு புதன்கிழமை மேடம் வரவில்லை. மூன்றாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து மாதமாகப் பசியில்லை, எட்டு கிலோ எடைக் குறைவு, இரைப்பையில் கட்டி, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் அட்டையை எடுத்தார். எடை எழுதுகிற இடம் ஐந்து மாதமாகக் காலி. நலம், நலம், நலம், நலம். எல்லாம் அவர் கையெழுத்துதான். வேறு யார் தலையில் போட முடியும்?

மூன்று நாள் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்துவிட்டு, நான்காம் நாள் போனார். மேடம் கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

“உங்களைப் படுக்கவச்சுப் பார்த்திருக்கணும் மேடம். நான் பார்க்கல. தப்பு என் மேலதான்.”

“நாலு தடவை சொன்னேன் டாக்டரம்மா.”

“தெரியும்.”

“ரோட்டுல போறவன் மூணு தடவை சொன்னா கட்டில்ல படுக்க வைப்பீங்க. என்னை ஏன் வைக்கல?”

கூட்டம், மறதி என்று சப்பைக்கட்டுக் கட்டலாம். டாக்டரம்மாவுக்கு அதற்கு மனசு வரவில்லை. “படுக்க வச்சா நீங்க நோயாளி ஆயிடுவீங்க. எனக்குப் பேச வேற ஆள் இல்ல மேடம்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்களுக்குப் பேச ஆள் வேணும்னு நான் எட்டு கிலோ இளைச்சிருக்கேன்” என்றார். பிறகு, “நான் வேற டாக்டரைப் பார்த்துக்கறேன். என் அட்டையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. புதன்கிழமை எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.”

டாக்டரம்மா அட்டையை அனுப்பினார். கூடவே தன் கைப்பட ஒரு கடிதமும் வைத்தார்: “நான்கு முறை சொன்னார். நான் பரிசோதிக்கவில்லை.” நர்ஸ் அதைப் படித்துவிட்டு, “இதை யாராவது எழுதுவாங்களா? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க” என்று பதறினார். எழுதியது எழுதியதுதான்.

அப்புறம் வந்த புதன்கிழமைகள் கொடுமையாக இருந்தன. பன்னிரண்டரைக்கு வேறு யாரையும் உள்ளே விட டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அடுக்குகளைத் துடைத்தார். இந்தத் தெருக்களில் நாலாயிரம் பேரின் நாடியைப் பிடித்தாயிற்று, தன் மனசில் இருப்பதைச் சொல்லி அழ ஒருத்தர் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. மேடம் பிழைக்க வேண்டும். தன் முகத்தை அவர் இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு எதுவும் டாக்டரம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, வாசல் வரை கூட்டம். எதிரில் முதுகுவலியோடு கொத்தனார் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி.

மேடத்தின் பெயரைச் சொன்னதுமே டாக்டரம்மா குறுக்கிட்டார். “நான் அவங்க குடும்ப டாக்டரா இருந்தேங்க. இப்ப இல்ல. அவங்க வேற டாக்டர்கிட்ட...”

“டாக்டரைப் பத்திக் கேக்கலைங்க. சொந்தக்காரங்கன்னு போட்ட இடத்துல இந்த நம்பரைக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன், கூட ஒருத்தர் இருந்தே ஆகணும். நேத்துலருந்து யாரும் வரல. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

டாக்டரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அவங்க என்னன்னு எழுதியிருக்காங்க?”

“அந்த இடத்தைக் காலியா விட்டிருக்காங்க. கேட்டா, அதை அவங்களே சொல்லட்டும்ங்கறாங்க.”

“தங்கச்சி. தங்கச்சின்னு போட்டுக்குங்க. இதோ கிளம்பிட்டேன்.”

போனை வைத்த கையோடு எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். கொத்தனார் முதுகுவலியை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னாச்சு டாக்டரம்மா? ஏன் அழறீங்க?”

இருபத்தெட்டு வருடத்தில் அந்த அறையில் அவரைப் பார்த்து இப்படிக் கேட்டவர் யாருமில்லை.

“எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லைங்க” என்றார் டாக்டரம்மா.