உள்ளார்

வெள்ளக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கையில் என் தம்பி பெஞ்சமினுடைய கடிதம் இருந்தது. வெளிநாட்டுக்குப் போய் வருடக்கணக்கில் ஒரு வரி கூட எழுதாமல் இருந்தவன், ஊருக்கு வரும் தேதியைக் குறித்து எழுதியிருந்தான். அதை முதலில் யாரிடம் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்காடு பஜாரில், தையல் கடை வாசலில், டைப்ரைட்டருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். பஸ் வந்தது. கண்டக்டர் என்னை ஏற்றிவிட்டு, டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.

"ஏனுங்கம்மா, எழவு ஊட்டுக்குத்தான போறீங்க?"

"யாரு எழவுங்க?"

"நம்ம ரைட்டருதாங்க. வெடியால காப்பி குடிச்சுட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராமுங்க."

கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அதை யாருக்கும் காட்டாமலேயே அன்று முழுவதும் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பெட்டியில் வைத்தபோது, கடிதத்தையும் கூடவே வைத்துவிடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் படிக்காத காகிதத்தை வாங்கிக்கொள்கிற மனிதர் இல்லை அவர்.

சவரிமுத்து ரைட்டரைத் தெரிந்தவர்கள்தான் இந்த நினைவு மலரைப் படிக்கப் போகிறீர்கள். அவருடைய முப்பதாம் நாள் பூசைக்காக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது, "நீங்க சொல்லுங்க பாட்டி, நான் எழுதறேன்" என்றாள் என் பேத்தி. பத்தாவதில் வகுப்பில் முதல் ஆளாக வந்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனாலும் பேனாவை அவளிடம் கொடுக்கவில்லை. நான் அஞ்சாவது படித்தவள். அந்த அஞ்சாவது வீண் போகாமல் பார்த்துக்கொண்டவர் ரைட்டர்தான்.

எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதும் வேலையில் இருந்ததால் அவருக்கு ரைட்டர் என்று பேர். வேலையை விட்டு பஜாரில் மேஜை போட்ட பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அவருடைய டைப்ரைட்டரில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற கட்டை விழாது. முழுப் பக்கமும் அடித்து முடித்து, காகிதத்தை உருவி, நீல மை பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். கார்பன் பிரதிக்கும் தனியாக வைப்பார். தாலுகா ஆபீசில் நீலப் புள்ளியைப் பார்த்தாலே "ஏற்காட்டு ரைட்டர் மனு" என்று தெரிந்துகொள்வார்களாம். புள்ளி வைத்து முடிந்ததும் காகிதத்தை நம் பக்கம் திருப்பி, "வாசி" என்பார். சத்தமாக வாசிக்காமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாசித்துக் காட்டி, "இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்பார். அவசரத்தில் வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே வாசித்தோம்.

அங்கே வருகிறவர்களுடைய கேள்விகள் இரண்டே இரண்டைச் சுற்றித்தான் இருக்கும். போவதற்கு என்ன எழுத வேண்டும், இருப்பது யாருக்குப் போகும். பிள்ளை வெளிநாட்டுக்குப் போனால் அவன் பங்கு போய்விடுமா? கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பன் நிலத்தில் உரிமை உண்டா? "பாஸ்போர்ட்டு ஆளைப் பத்தினது, பட்டா மண்ணைப் பத்தினது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க சாமி" என்பார். பெண்களுக்குப் பங்கு உண்டு என்று அவர் சொன்னதால், பல வீட்டு ஆண்கள் அவர் மேஜையைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எஸ்தர் அக்கா, அவருடைய மனைவி, "ஒரு நாளைக்கு அந்த மேசையோட உங்களையும் தூக்கி ஏரியில போட்டுருவாங்க" என்பார். "டைப்ரைட்டரை மட்டும் கரையில வெச்சுட்டுப் போடச் சொல்லு" என்பார் இவர்.

பெஞ்சமினுடைய பாஸ்போர்ட் பாரத்தை நிரப்பியதும் அவர்தான். நான்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். தம்பி என்று சொல்வது வாய்க்குத்தான். பிறந்த இடம் எது என்று ரைட்டர் கேட்டார்.

"பதினாலாவது வளைவுங்க" என்றான் பெஞ்சமின்.

"ஏண்டா, பாரம் நெரப்பறப்ப வெளையாடறியா?"

"அவன் வெளையாடலீங்க" என்றேன் நான். "அம்மாளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப, மலை ரோட்டு வளைவுல, லாரியிலயே பொறந்துட்டான். நாந்தான் தலையைத் தாங்கிட்டு இருந்தேன்."

ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ எறங்கற வரைக்கும் உனக்குப் பொறுக்கலையா? அப்பவே அவசரமா?" என்றார். பிறகு, "ஏற்காடுன்னு போடறேன். வளைவுல பொறந்தவனுக்கெல்லாம் வெளிநாட்டுக்காரன் விசா குடுக்க மாட்டான்" என்று எழுதினார். அன்று மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பெஞ்சமின் வளைகுடாவுக்குப் போனான். மூன்று கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவன் போய் எட்டாவது வருடத்தில் எங்கள் அப்பா இறந்தார். அதற்கு முந்தின வருடம்தான் என் வீட்டுக்காரர் போயிருந்தார். எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் அவர் பேரில் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு வெள்ளக்கடைக்கு மேலே காப்பியும் ஆரஞ்சும் வைத்த கொஞ்சம் நிலம் இருந்தது. வாரிசு நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன், நான், பெஞ்சமின். பாகம் பிரித்தால் என் பங்கில் தலைக்கு மேல் ஓர் ஓடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் பெஞ்சமின் கையெழுத்து இல்லாமல் பிரிக்க முடியாது. பெரியண்ணனுக்கு நிலத்தை விற்க ஆசை. அவர் ஒரு புரோக்கரையும் என்னையும் கூட்டிக்கொண்டு வாரிசு மனு அடிக்க ரைட்டரிடம் போனார்.

"அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடறீங்கல்லங்க, அதே மாதிரி தம்பி பேருக்கும் போட்டுருங்க" என்றார் அண்ணன்.

"யாரு பாத்தா?"

"என்னதுங்க?"

"அவன் செத்ததை யாரு பாத்தா? தந்தி வந்துச்சா? பொணம் வந்துச்சா?"

புரோக்கர் நடுவில் புகுந்தார். "ஏழு வருசம் தகவல் இல்லீன்னா செத்தவனாத்தானுங்க சட்டம் எடுத்துக்குது."

"அதைக் கோர்ட்டு சொல்லோணும். நீயும் நானும் தையக்கடை வாசல்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லக் கூடாது."

அப்போது நான் வாயைத் திறந்தேன். இந்த மலரில் இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாக ஆகாது. "செத்தவன்னே போட்டுருங்க ரைட்டரே. எனக்கு ஒரு ஊடு வேணும்" என்று நான் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "லூர்து, அவன் பொறக்கறப்பக் கூட இருந்தவ நீ. நீயா சொல்றே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு யாரையும் கேட்காமல் அடிக்க ஆரம்பித்தார். காலஞ்சென்ற தேவசகாயம் என்பவரின் வாரிசுகள் என்று மேலே. கீழே எங்கள் பெயர்கள். மூன்றாவது வரியில், "பெஞ்சமின், இளைய மகன், வெளிநாட்டில் உள்ளார்." காகிதத்தை உருவிப் புள்ளிகள் வைத்தார். "வாசி" என்று என்னிடம் நீட்டினார். ஆத்திரத்தோடு வாசித்தேன். கடைசிச் சொல் தொண்டையோடு நின்றுவிட்டது.

"முழுங்காத. திரும்ப வாசி."

"உள்ளார்" என்று கத்தினேன். "போதுமுங்களா? உங்க ஒரு சொல்லு என்னைத் தெருவுல நிறுத்திருச்சு."

கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. கோவிலில் அவர் உட்காரும் வரிசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஆனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. அந்த மனுவுக்குக் கிடைத்த வாரிசுச் சான்றிதழை வைத்து மூன்று பேர் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்கிக் கொடுத்தார். பெரியண்ணனைத் தேடிப் போய், "விக்கத்தான் முடியாது. ஒரு மூலையில அவ ஊடு கட்டிக் குடியிருக்கறதுக்கு நீ சரீன்னா போதும். அவ உன்ற தங்கச்சியா, இல்ல லயத்துக்காரங்க தங்கச்சியா?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சரி என்று சொல்ல வைத்தார். இன்று நான் உட்கார்ந்து எழுதுகிற வீடு அதுதான். குடி போன அன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்து, நல்ல மழை நாளில், குடையோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லாமல் நான் கதவை மட்டும் திறந்தேன். அவரே வந்து, உடம்போடு ஒட்டி வைத்திருந்த ஒரு கவரை எடுத்தார். வெளிநாட்டுத் தபால்தலை. "ரைட்டர், தையல் கடை வாசல், ஏற்காடு பஜார்" என்று மட்டும் விலாசம். லயத்து வீட்டில் அக்கா இருப்பாளோ இல்லையோ, அந்த மேஜை அங்கேதான் இருக்கும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கிறது.

"வாசி" என்றார்.

"ரைட்டருங்க, நான் பதினாலாவது வளைவு. உயிரோடுதான் இருக்கிறேன்" என்று ஆரம்பித்திருந்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இன்னொரு தடவை வாசி. மழைச் சத்தத்துல காதுல உழுகலை."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். மூன்று தடவை வாசிக்க வைத்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேலைக்கு வைத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும், அடி தாங்காமல் பெஞ்சமின் ஓடியதும், காகிதம் இல்லாமல் மறைந்து சமையல் வேலை பார்த்ததும், எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று பயந்ததும் அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. காகிதம் இல்லாதவர்கள் தாங்களாக வந்து எழுதிக் கொடுத்தால் ஊருக்கு அனுப்புவோம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்னார், இந்த ஊர்க்காரர் என்று இங்கிருந்து உறுதி சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து தூதரகத்திலிருந்து விசாரணை வந்தது. பெஞ்சமினுடைய பழைய பாஸ்போர்ட் எண் யாரிடமும் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி, "அரசாங்கக் காகிதத்துல இவரு பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ரைட்டர் வாரிசுச் சான்றிதழை மேஜையில் வைத்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்து, வழக்கம் போல, "வாசிங்க" என்றார். அதிகாரியும் சத்தமாகத்தான் வாசித்தார்.

அன்று திரும்பி நடக்கும்போது அவரைக் கேட்டேன். "ஏனுங்க, அவன் உசுரோட இருக்கான்னு அன்னைக்கே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரியும்? செத்திருப்பான்னுதான் நானும் நெனச்சேன்."

நான் நின்றுவிட்டேன். "அப்புறம் ஏனுங்க அப்படி எழுதினீங்க?"

"உள்ளார்னு எழுதி, அப்புறம் இல்லீன்னு தெரிஞ்சா ஒரு கோடு போட்டு மாத்திக்கலாம் கண்ணு. இல்லைன்னு எழுதிட்டா, அப்புறம் வர்றவன் எந்தப் பாரத்துல வந்து ஒக்காருவான்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பஸ் வருது, ஓடு" என்று விரட்டிவிட்டார். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தம்பி வந்ததும் இருவருமாக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அந்தத் தேதியைச் சொல்லத்தான் அன்று பஸ்ஸுக்கு நின்றேன்.

போன வாரம் எஸ்தர் அக்காவோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஊரில் பாதிப் பேருக்கு வாரிசு மனு அடித்துக் கொடுத்தவருக்கு, வேறு யாரோ அடித்த மனு. டைப்பிங் சென்டரில் அடித்தது. எல்லாப் புள்ளியும் மிஷினே வைத்திருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார்கள். கூட்டமாக இருந்தது. "இங்க போடுங்கம்மா, சீக்கிரம்" என்றார்கள். நான் வாசித்தேன். முதல் சொல் "காலஞ்சென்ற." அதற்கு அடுத்தது அவர் பெயர். குரல் வெளியே வரவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து, "முழுங்காத லூர்து. அவருக்குப் புடிக்காது" என்றார். திரும்ப வாசித்தேன். ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தேன். வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

என் வேதாகமத்துக்குள் அந்தப் பழைய மனுவின் கார்பன் பிரதி இருக்கிறது. கார்பன் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. மூன்றாவது வரியில் கடைசிச் சொல்லின் மேல் அவர் கையால் வைத்த இரண்டு நீலப் புள்ளிகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் தம்பி சேலத்தில் இறங்கி மலை ஏறி வருவான். பதினாலாவது வளைவைத் தாண்டும்போது எப்படியும் எட்டிப் பார்ப்பான். பஜாரில் இறங்கியதும் அந்த மேஜையைத்தான் தேடுவான். நான் அங்கே நிற்பேன். அவன் எதையும் கேட்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து, "வாசி" என்று சொல்வேன்.

சத்தமாக வாசிக்க வேண்டும்.